கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்

ஆட்டக்காரன் மைதானத்தில் விழுந்தால் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துவார்கள். ஸ்ட்ரெச்சர் வரும், டாக்டர் வருவார், ஐஸ் பை வரும், டிவியில் நாலு கோணத்தில் ரீப்ளே வரும். கோட்டுக்கு வெளியே, கோட்டும் டையுமாக நின்று கத்திக்கொண்டிருக்கும் மனிதர் விழுந்தால்?

ரொம்ப காலத்துக்கு அப்படி ஒரு கேள்வியே யாருக்கும் தோன்றவில்லை. விளையாட்டு வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் கோல்களின் வரலாறு, ரன்களின் வரலாறு, கோப்பைகளின் வரலாறு. அந்தக் கோப்பைகளுக்குப் பின்னால் நின்ற பயிற்சியாளர்களின் உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆனது என்று தேடிப் போனால் முற்றிலும் வேறு ஒரு வரலாறு கிடைக்கிறது. அதில் ஆஸ்பத்திரிகள் நிறைய வருகின்றன.

இதில் பிரிட்டிஷ் கால்பந்து அதிகம் வரும். நான் ஏதோ மான்செஸ்டரில் பிறந்தவன் என்று நினைக்க வேண்டாம் :-) பயிற்சியாளர் விழுந்தால் அதை முதல் பக்கத்தில் போடும் பத்திரிகைகள் அங்கே இருந்தன, அதனால் இந்தக் கதை அங்கே நன்றாகப் பதிவாகியிருக்கிறது. இன்னொன்று, அங்கே பயிற்சியாளருக்கு 'மேனேஜர்' என்று பெயர். வெறும் பயிற்சி மட்டும் இல்லை. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை உட்கார வைப்பது, தோற்றால் பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் உட்காருவது, எல்லாம் அவர் தலையில்தான். நம் ஊர் கூட்டுக் குடும்பத்தில் மூத்த அண்ணன் பார்க்கிற வேலை மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1985 செப்டம்பர் 10. வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் நகரம், நினியன் பார்க் மைதானம். அடுத்த வருட உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் வேல்ஸும் ஸ்காட்லாந்தும் மோதுகின்றன. ஸ்காட்லாந்துக்கு டிரா போதும், அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். ஸ்காட்லாந்தின் மேனேஜர் ஜாக் ஸ்டீன். வயது 62.

ஸ்டீன் யார் என்று தெரியாதவர்களுக்கு: இருபது வயதுகளின் பிற்பகுதி வரை நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே கால்பந்து ஆடியவர். 1967ல் கிளாஸ்கோவின் செல்டிக் அணிக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். அந்தக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் அணி அதுதான். அந்தப் பதினொரு பேரும் செல்டிக் மைதானத்திலிருந்து சுமார் 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்த பையன்கள் என்பதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். 1966லிருந்து 1974 வரை தொடர்ந்து ஒன்பது தடவை ஸ்காட்லாந்து லீக் பட்டம். 1975ல் கார் விபத்தில் சாவின் விளிம்பு வரை போய், அடுத்த சீசனில் பெரும்பகுதியைப் படுக்கையிலும் ஓய்விலும் கழித்தார். பிறகு திரும்பவும் வேலைக்கு வந்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வந்தார்கள்.

அன்று கார்டிஃபில் எல்லாமே கோணலாகப் போனது. 13வது நிமிடத்தில் மார்க் ஹ்யூஸ் கோல் அடித்து வேல்ஸ் முன்னிலை. இடைவேளையில் ஸ்காட்லாந்து கோல்கீப்பர் ஜிம் லெய்ட்டன் கான்டாக்ட் லென்ஸைத் தொலைத்துவிட்டு நிற்கிறார். அவர் லென்ஸ் போடுகிறவர் என்பதே ஸ்டீனுக்கு அதுவரை தெரியாது! அவசரமாக வேறு கீப்பரை இறக்கினார்கள். 81வது நிமிடத்தில் டேவி கூப்பர் பெனால்டியில் கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். கடைசி நிமிடங்களில் இருக்கையிலிருந்து எழுந்த ஸ்டீன் தடுமாறி விழுந்தார். மைதானத்தின் மருத்துவ அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கேயே உயிர் போனது. வெளியே ஸ்காட்லாந்து ரசிகர்கள் டிராவைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குச் செய்தி தெரியாது.

முதலில் மாரடைப்பு என்றுதான் சொன்னார்கள். பிறகு நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்று தெரிந்தது. இதய நோய் ஏற்கெனவே இருந்திருக்கிறது. உடம்பில் சேரும் நீரை வெளியேற்றும் மாத்திரையை அவர் அந்த ஆட்டத்துக்கு முன் சரியாகச் சாப்பிடவில்லை என்று பின்னாளில் சொல்லப்பட்டது. அந்த மாத்திரை சாப்பிட்டால் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருக்கும். உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் மேனேஜர் அடிக்கடி எழுந்து போக முடியுமா? அவர் மனதில் என்ன கணக்கு ஓடியது என்று நமக்குத் தெரியாது. ஆனால் அந்த வேலையில் இருக்கிற யாரும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று அவர் பக்கத்தில் உதவியாளராக உட்கார்ந்திருந்தவர் அலெக்ஸ் ஃபெர்குசன். தடை காரணமாக அந்த ஆட்டத்தில் ஆட முடியாமல் போன ஒரு வீரரும் அன்று கார்டிஃபில் இருந்தார். அவர் பெயர் கிரேம் சூனஸ். இந்தப் பெயர் பின்னால் வரும்.

இங்கே ஒரு காமர்ஸ் மாணவன் குறுக்கே புகுந்து ஒரு விஷயம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் கால்பந்து கிளப்புகளின் ஆண்டறிக்கையில், காசு கொடுத்து வாங்கிய வீரர் ஒருவரின் பதிவு உரிமை ஒரு சொத்து. கண்ணுக்குத் தெரியாத சொத்து என்ற தலைப்பில் இருப்புநிலைக் குறிப்பில் உட்கார்ந்திருக்கும். ஐந்து வருட ஒப்பந்தம் என்றால் ஐந்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பைக் கழிப்பார்கள், தொழிற்சாலை இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுவது போல. மேனேஜரின் சம்பளமோ லாப நட்டக் கணக்கில் செலவு. அவரை நீக்கினால் கொடுக்கும் இழப்பீடு, 'அசாதாரணச் செலவு' என்று தனி வரியில் வரும். சொத்தாக எழுதியதை எண்ணெய் போட்டுப் பராமரிப்பார்கள். செலவாக எழுதியதைக் குறைக்கப் பார்ப்பார்கள். கணக்குப் புத்தகம் மனிதர்களின் மனசை அப்படியே காட்டிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இந்த விஷயத்தில் ரொம்ப தூரம் காட்டுகிறது.

ஸ்டீன் இறந்த பிறகு அஞ்சலிகள் நிறைய நடந்தன. மேனேஜர்களுக்கு இதயப் பரிசோதனை வேண்டும் என்று ஏற்பாடு எதுவும் உடனே வந்துவிடவில்லை.

அடுத்து 1991 பிப்ரவரி. என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் முக்கியமான வாரம் இதுதான். ஒரே வாரத்துக்குள், இரண்டு நாடுகளில், ஐரோப்பாவின் பெரிய மேனேஜர்கள் இருவர் வேலையை விட்டு விலகினார்கள். ஒருவர் மனசால், ஒருவர் உடம்பால்.

முதலாமவர் லிவர்பூலின் கென்னி டால்க்லிஷ். அவர் 1985ல் லிவர்பூல் மேனேஜர் ஆன நேரமே துக்க நேரம். அதற்குச் சற்று முன்புதான் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்திருந்தார்கள். நான்கு வருடம் கழித்து 1989 ஏப்ரல் 15ல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். பல வருடம் 96 என்று இருந்த எண்ணிக்கை இப்போது 97. இறந்தவர்களின் குடும்பங்களோடு நின்றவர் டால்க்லிஷ். ஆஸ்பத்திரிகளுக்குப் போனார், அணியின் மைதானத்தில் வந்து அழுதவர்களைப் பார்த்தார், ஒரே நாளில் நான்கு இறுதிச் சடங்குகளுக்குப் போனார். அப்போது அவருக்கு 38 வயது. பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த மனிதர் அவர். துக்க ஆலோசகர் வேலைக்கு அவரை யாரும் தயார் செய்திருக்கவில்லை.

ஊர் முழுக்க எல்லோரும் அவர் தோளில் சாய்ந்து அழுதார்கள். அவர் யார் தோளில் சாய்ந்தார்? இந்தக் கேள்வியை அந்தக் காலத்தில் கிளப் கேட்டதாகத் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. மற்றவர்களைக் கவனித்துக்கொள்வதில் மும்முரமாக இருப்பது தன்னைக் கவனிக்காமல் இருக்க ஒரு நல்ல வழி. கல்யாண வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசி வரை சாப்பிடாமல் சுற்றும் பெரியம்மாவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

1991 பிப்ரவரி 20, எஃப்.ஏ. கோப்பையில் எவர்ட்டனோடு மறு ஆட்டம். லிவர்பூல் நான்கு முறை முன்னிலை பெற்றது, நான்கு முறையும் எவர்ட்டன் சமன் செய்தது. 4-4. ஆட்டத்தின்போது என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்று தனக்குத் தெரிந்தது, ஆனால் அந்த முடிவை எடுக்க முடியவில்லை என்று டால்க்லிஷ் பின்னாளில் சொன்னார். இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 22 அன்று ராஜினாமா. லிவர்பூல் அப்போது லீகில் முதலிடம்! போட்டி நாட்களின் அழுத்தம் தாங்க முடியவில்லை என்றார். பத்திரிகைக்காரர்களால் நம்ப முடியவில்லை. வேறு ஏதோ ரகசியம் இருக்கிறது என்று துருவினார்கள். களைத்துப்போனது ஒரு காரணமாகவே யாருக்கும் படவில்லை.

அந்தச் சூடு ஆறுவதற்குள், பிப்ரவரி கடைசியில், பார்சிலோனாவின் பயிற்சியாளர் யோஹான் க்ரைஃப் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். பைபாஸ் அறுவை சிகிச்சை. வயது 43. உலகம் கண்ட மிகச் சிறந்த கால்பந்து ஆட்டக்காரர்களில் ஒருவர், ஆனால் ஆடின காலத்திலிருந்தே விடாமல் சிகரெட் பிடித்தவர்.

க்ரைஃப் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. திரும்பி வந்தவர் கையில் சிகரெட் இல்லை, வாயில் லாலிபாப்! உலகத்தின் மிகப் பெரிய கிளப் ஒன்றின் பயிற்சியாளர், மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி குச்சி மிட்டாயைச் சப்பிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் அந்தக் காலத்துப் பார்சிலோனா என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது அந்தப் படம்தான். கேட்டலோனிய அரசின் புகையிலை எதிர்ப்பு விளம்பரத்திலும் நடித்தார். சிகரெட் பெட்டியைப் பந்து போலக் காலால் தட்டித் தட்டி, கடைசியில் ஓங்கி ஒரு உதை. 1992 மே மாதம் அவருடைய பார்சிலோனா முதல் முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 1996ல் பார்சிலோனாவை விட்ட பிறகு வேறு எந்தக் கிளப்புக்கும் அவர் பயிற்சியாளராகப் போகவில்லை. 2016 மார்ச் 24 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். லாலிபாப் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது. ஆனாலும் நடுவில் 25 வருடம் கிடைத்ததே!

டால்க்லிஷ் விட்டுப்போன நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்தான், மேலே சொன்ன கிரேம் சூனஸ். 1992 ஏப்ரலில் அவருக்கு மூன்று அடைப்புகளுக்கான பைபாஸ். வயது 38. முன்னாள் விளையாட்டு வீரர், உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருந்தவர். அடுத்த மாதமே எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்தில் டாக்டரோடு. அணியை மைதானத்துக்குள் அழைத்து வந்தது அவருடைய உதவியாளர் ரானி மோரன். லிவர்பூல் ஜெயித்தது. இதைப் படிக்கும்போது எனக்கு வீரம் தெரியவில்லை, பயம்தான் தெரிகிறது. கோப்பை நாளில் அந்த நாற்காலியில் தான் இல்லாவிட்டால் இன்னொருவர் உட்கார்ந்துவிடுவார் என்கிற பயம். அது என் ஊகம்தான்.

அதே 1992ல் இங்கிலாந்தில் லீக் மேனேஜர்கள் சங்கம் உருவானது. லீட்ஸ் யுனைடெட் மேனேஜர் ஹோவர்டு வில்கின்சன் அதன் தலைவர். ஒப்பந்தங்களும் பணி நீக்க இழப்பீடும்தான் அப்படி ஒரு சங்கத்தின் அன்றாடக் கவலை. உடல்நலம் பெரிய அளவில் அதன் பட்டியலுக்கு வர இன்னும் சிலர் விழ வேண்டியிருந்தது.

இங்கே கொஞ்சம் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போக வேண்டும். பிரிட்டனில் இதயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததற்குப் பல வருடம் முன்பே, மனசு களைத்துப்போவதற்கு அமெரிக்காவில் ஒரு பெயர் கிடைத்திருந்தது. நியூயார்க்கில் இலவச மருத்துவ மையம் ஒன்றில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், சேவை மனப்பான்மையோடு ராப்பகலாக உழைத்த தொண்டர்கள் சில மாதங்களில் எரிச்சலும் வெறுமையுமாக ஆவதைக் கவனித்தார். 1974ல் அதற்கு 'பர்ன் அவுட்' என்று பெயர் வைத்து எழுதினார். எரிந்து தீர்ந்துபோவது. எண்ணெய் வற்றிய அகல் விளக்கு மாதிரி.

டாக்டர்களின் சொல்லாக இருந்த அதை விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டு வந்தவர் என்று டிக் வெர்மீலைச் சொல்லலாம். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். 1976ல் சேர்ந்தார். தோற்றுக்கொண்டே இருந்த அணியை 1981 ஜனவரியில் சூப்பர் பவுல் இறுதியாட்டம் வரை கொண்டு போனார். எப்படி? வீட்டுக்குப் போகாமல். நள்ளிரவு தாண்டியும் ஆட்டப் படச்சுருள்களைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார், அலுவலகத்திலேயே படுத்துவிடுவார். வீரர்களின் வேலைநிறுத்தத்தால் ஒன்பது ஆட்டங்களாகச் சுருங்கிய 1982 சீசன் முடிந்ததும் விலகினார். வயது 46. பர்ன் அவுட் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆண்மை, முரட்டுத்தனம் என்று பேசும் ஒரு விளையாட்டில், 'நான் எரிந்து தீர்ந்துவிட்டேன்' என்று ஒருவர் சொன்னது அன்றைக்குப் பெரிய விஷயம்.

சுவாரஸ்யம் இதற்குப் பிறகுதான். பதினான்கு வருடம் பயிற்சி வேலைக்கே வராமல் டிவி வர்ணனையாளராக இருந்துவிட்டு, 1997ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்கு வந்தார். வந்தவர் பழையபடியே ஆரம்பித்தார். மணிக்கணக்கில் கடும் பயிற்சி. முதல் இரண்டு சீசனில் மொத்தம் ஒன்பதே வெற்றி. வீரர்கள் முணுமுணுத்தார்கள். 1999ல் பயிற்சி நேரத்தைக் குறைத்தார். 2000 ஜனவரியில் சூப்பர் பவுல் பட்டம்! பயிற்சி நேரத்தைக் குறைத்ததால்தான் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. அந்த வருடம் அவருக்குக் கர்ட் வார்னர் என்ற அற்புதமான ஆட்டக்காரரும் கிடைத்தார். ஆனால் அதிக நேரம் உழைத்தால் அதிக வெற்றி என்ற கணக்கு தப்பு என்பதற்கு அவரே சாட்சி.

மறுபடி இங்கிலாந்து. 1999 மார்ச்சில் விம்பிள்டன் மேனேஜர் ஜோ கின்னியருக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே மாரடைப்பு. பிறகு 2001 அக்டோபர் 13, லிவர்பூல் ஆன்ஃபீல்டு மைதானம், எதிரணி லீட்ஸ். (லிவர்பூலின் அந்த நாற்காலி பற்றி நீங்கள் நினைப்பதையே நானும் நினைக்கிறேன்!) மேனேஜர் ஜெரார்டு ஹூலியே, வயது 54. அந்த வருடத்தில்தான் லீக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை, யூஈஎஃப்ஏ கோப்பை என்று மூன்றையும் வென்றிருந்தார். இடைவேளையில் நெஞ்சு வலி. கிளப் டாக்டர் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் உட்சுவர் கிழிந்திருந்தது. பதினொரு மணி நேர அறுவை சிகிச்சை. கார்டிஃப் போல ஆகவில்லை, பிழைத்தார். ஐந்து மாதம் கழித்து 2002 மார்ச் 19 அன்று ரோமா அணியுடனான ஆட்டத்தில் அவர் மறுபடி வந்து நின்றபோது, எதிரணிப் பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோ வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். லிவர்பூல் 2-0 என்று ஜெயித்தது.

ஹூலியே விழுந்த அதே சீசனில் டோரியன் டக்மோர் என்ற இதய நல நிபுணர் ஒரு சோதனை செய்தார். போல்டன் மேனேஜர் சாம் அலர்டைஸ், லெஸ்டர் மேனேஜர் டேவ் பாசெட் இருவரும் தங்கள் அணிகள் மோதும்போது இதயத் துடிப்பை அளக்கும் கருவியை மாட்டிக்கொண்டார்கள். உட்கார்ந்தும் நின்றும் கத்தியும் கொண்டிருந்த இரண்டு நடுத்தர வயது மனிதர்களின் இதயம், ஓடுகிறவனின் இதயம் போல அடித்தது. ஓடுகிறவனுக்கு வியர்த்துக் கொட்டி, அழுத்தம் வடிந்துவிடும். இவர்களுக்கு வடிய வழியே இல்லை. அந்தக் காலகட்டத்தில்தான் மேனேஜர்கள் சங்கம் டக்மோரின் மையத்தோடு சேர்ந்து உறுப்பினர்களுக்கு முழுப் பரிசோதனைத் திட்டத்தைக் கொண்டு வந்தது. டிரெட்மில், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, என்ன சாப்பிடலாம் என்ற ஆலோசனை. 2009ல் அலர்டைஸுக்கே ரத்தக் குழாய் அடைப்பு கண்டுபிடிக்கப்பட்டு சிகிச்சை நடந்தது. அவர் விழவில்லை. இந்தக் கதையில் விழுவதற்கு முன்பே சிகிச்சைக்குப் போன ஒருவரைப் பார்க்க இத்தனை பத்திகள் ஆகியிருக்கின்றன.

ஆனால் இது பணம் புரளும் லீகின் கதை. நமக்குத் தெரிந்த கிரிக்கெட்டில்? 2007 உலகக் கோப்பையை நம் ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் 17 அன்று நாம் பங்களாதேஷிடம் தோற்றோம், அதே நாளில் பாகிஸ்தான் அயர்லாந்திடம் தோற்றது. மறுநாள் காலை ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஹோட்டல் அறைக் குளியலறையில் பாகிஸ்தான் பயிற்சியாளர் பாப் உல்மர் மயங்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். வயது 58. (பிறந்தது நம் கான்பூரில்.) சில நாட்களில் போலீஸ் அதைக் கொலை வழக்கு என்றது. உலகமே துப்பறிந்தது. சூதாட்டக் கும்பல், விஷம், கழுத்து நெரிப்பு என்று எத்தனை கதைகள்! ஜூன் மாதம் அதே போலீஸ், இயற்கை மரணம் என்று சொன்னது. நவம்பரில் விசாரணை ஜூரி எந்த முடிவுக்கும் வராமல் விட்டது.

என்னை உறுத்துவது இதுதான். உல்மருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. வருடத்தில் பாதி நாள் ஹோட்டல் அறை வாழ்க்கை. முந்தைய நாள் வாழ்நாளின் மிக மோசமான தோல்வி. 58 வயது மனிதர் ஒருவர் இறந்துபோக இதெல்லாம் போதாது என்றும், கொலைகாரன் ஒருவன் வேண்டும் என்றும் உலகத்துக்கே தோன்றியிருக்கிறது. டால்க்லிஷ் களைப்பு என்று சொன்னபோது ரகசியம் தேடியதும் இதே மனசுதான்.

மனசைப் பற்றிய பேச்சு ஐரோப்பிய கால்பந்தில் தாமதமாகத்தான் வந்தது. ஜெர்மனியில் 2009 நவம்பரில் தேசிய அணி கோல்கீப்பர் ராபர்ட் என்கே மனச்சோர்வால் உயிரிழந்த பிறகு, நாடே அதைப் பற்றிப் பேசியது. 2011 செப்டம்பர் 22ல் ஷால்கே பயிற்சியாளர் ரால்ஃப் ராங்னிக், உடம்பும் மனசும் முற்றிலும் சோர்ந்துவிட்டது, தொடர முடியாது என்று விலகினார். அணியை நடத்தும் சக்தி தன்னிடம் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். யாரும் ரகசியம் தேடவில்லை. அடுத்த வருடமே வேறு பொறுப்புக்குத் திரும்பினார். 1991ல் இருந்து 2011க்குள் என்ன மாறியது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். 2012ல் பார்சிலோனாவை விட்ட பெப் கார்டியோலா ஒரு வருடம் நியூயார்க்கில் சும்மா இருந்தார். 2024 ஜனவரியில் லிவர்பூலின் யூர்கன் க்ளோப், சக்தி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி சீசன் முடிவில் விலகப் போவதாக அறிவித்தபோது ரசிகர்கள் அழுதார்கள், ஆனால் நம்பினார்கள்.

இதுவரை எழுதியதில் எல்லோரும் ஆண்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். செல்சி பெண்கள் அணியின் எம்மா ஹேய்ஸ், 2018ல் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்தபடியே வேலை பார்த்தார். ஒரு குழந்தை வயிற்றிலேயே இறந்தது. மற்றொரு மகன் பிறந்தான். 2022 அக்டோபரில் எண்டோமெட்ரியோசிஸ் காரணமாகக் கருப்பை நீக்க அறுவை சிகிச்சை. இதையெல்லாம் அவர் மறைக்காமல் பேசினார். இதயம், ரத்த அழுத்தம் என்று ஆண்களின் உடம்பை மனதில் வைத்து ஆரம்பித்த பேச்சில் இதற்கு இடமே இருந்ததில்லை. 2024ல் அமெரிக்க அணிக்குப் போய் ஒலிம்பிக் தங்கமும் வாங்கிக் கொடுத்தார்.

முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் கார்டியோலாவால் ஒரு வருடம் சும்மா இருக்க முடியும். திரும்பி வந்தால் பயர்ன் மியூனிக் காத்திருக்கும். எல்லோருக்கும் அப்படியா? 2003 ஏப்ரலில் வெஸ்ட் ஹாம் மேனேஜர் க்ளென் ரோடர், மிடில்ஸ்பரோவை வென்ற ஆட்டம் முடிந்ததும் சரிந்தார். மூளையில் கட்டி. சிகிச்சை முடிந்து ஜூலையில் வேலைக்குத் திரும்பினார். ஆகஸ்டில் நீக்கினார்கள். அணி கீழ் லீகுக்கு இறங்கியிருந்தது, தோல்விகளும் இருந்தன, கிளப்புக்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் இதைப் பார்க்கிற இன்னொரு மேனேஜர், நெஞ்சு லேசாக வலிக்கும்போது யாரிடமாவது சொல்வாரா? பரிசோதனைத் திட்டங்கள் எத்தனை வந்தாலும் இந்த இடத்தில்தான் வந்து முட்டி நிற்கின்றன. நன்றாகத் தூங்கு, நன்றாகச் சாப்பிடு, குடும்பத்தோடு இரு என்று பயிற்சியாளருக்கு அறிவுரை சொல்வது சுலபம். அடுத்த மூன்று ஆட்டம் தோற்றால் வேலை இல்லை என்பதையும் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எந்த அறிவுரை ஜெயிக்கும்?

டால்க்லிஷ் 1991ல் தனக்குத் தேவைப்பட்டது ஓய்வுதான் என்று பின்னாளில் சொன்னார். அந்தக் கோடையில் லிவர்பூல் திரும்பக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்றார். கூப்பிடவில்லை. அக்டோபரில் அவர் பிளாக்பர்ன் அணிக்குப் போய், 1995ல் அவர்களுக்கு பிரீமியர் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். லிவர்பூல் அவரை மறுபடி மேனேஜர் வேலைக்குக் கூப்பிட்டது 2011 ஜனவரியில். அப்போது அவர் மனைவியோடு கப்பலில் விடுமுறைப் பயணம் போய்க்கொண்டிருந்தார். விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறினார். 2012 பிப்ரவரியில் லீக் கோப்பையை வென்றார். மே மாதம் நீக்கினார்கள்.